லினக்ஸ் கேள்வி பதில்: திரை இருண்டால் கணினி செத்ததாக அர்த்தம் இல்லை

கேள்வி: என்விடியா கிராபிக்ஸ் கார்டு உள்ள மடிக்கணினியில் உபுண்டு லினக்ஸ் போட்டேன். பென்டிரைவில் ‘சேஃப் கிராபிக்ஸ்’ தேர்ந்தெடுத்து நிறுவியபோது எல்லாம் சரியாக இருந்தது. இப்போது துவக்கினால் வெறும் கறுப்புத் திரை. திரும்ப நிறுவட்டுமா?

பதில்: வேண்டாம். பத்து முறை நிறுவினாலும் அதே கறுப்புதான் வரும். ‘சேஃப் கிராபிக்ஸ்’ என்பது லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலிடம் ‘நோமோட்செட்’ (nomodeset) என்ற ஒரு சொல்லைக் கொடுப்பதுதான். கார்டை இயக்கும் நிரலான கிராபிக்ஸ் டிரைவரைத் திரையில் கைவைக்க விடாதே என்று அதற்குப் பொருள். அந்தச் சொல், நிறுவிய உபுண்டுவுக்குக் கூடவே வருவதில்லை. அதனால் உபுண்டுவோடு வரும் ‘நூவோ’ என்ற என்விடியா டிரைவர் உங்கள் கார்டோடு மல்லுக்கட்டுகிறது.

கணினியை இயக்கி, தயாரிப்பாளர் சின்னம் மறைந்ததும் எஸ்கேப் விசையை ஒரே ஒரு தடவை தட்டுங்கள், ‘க்ரப்’ என்ற துவக்க நிரலின் மெனு வரும். பதற்றத்தில் படபடவென்று தட்டினால் மெனுவைத் தாண்டி க்ரப் கட்டளை வரியில் போய் நிற்பீர்கள். மெனுவில் உபுண்டு வரிமேல் நின்று ஆங்கில ‘இ’ (e) விசையை அழுத்துங்கள். ‘லினக்ஸ்’ என்று தொடங்கும் வரியின் கடைசியில் ‘கொயட் ஸ்பிளாஷ்’ இருக்கும். அதை அழித்துவிட்டு நோமோட்செட் என்று அடித்து எஃப்10 அழுத்துங்கள். கொயட்டை ஏன் அழிக்கச் சொல்கிறேன்? துவக்கத்தில் நடப்பதையெல்லாம் மூடி மறைப்பதே அதுதான். அழகுக்கு வைத்திருக்கிறார்கள், கோளாறு வந்த நேரத்தில் அந்த அழகு எதற்கு?

இந்த மாற்றம் அந்த ஒரு துவக்கத்துக்கு மட்டும்தான். டெஸ்க்டாப் வந்ததும் ‘அடிஷனல் டிரைவர்ஸ்’ திறந்து, பரிந்துரைக்கப்பட்ட என்விடியா டிரைவரைப் போடுங்கள். நடுவில் ஒரு கடவுச்சொல் வைக்கச் சொன்னால், அது ‘செக்யூர் பூட்’டுக்காக, அதாவது கையெழுத்திடாத நிரல்களைத் துவக்கத்தில் தடுக்கும் பாதுகாப்புக்காக. மறுதுவக்கத்தில் நீலத் திரை வரும். பயந்துபோய் ‘கன்டினியூ’ கொடுத்துவிடாதீர்கள். ‘என்ரோல் மோக்’ (Enroll MOK) தேர்ந்தெடுத்து அதே கடவுச்சொல்லை அடியுங்கள். விட்டுவிட்டால் டிரைவர் இருந்தும் ஓடாது.

கேள்வி: பக்கத்திலேயே இன்னொரு லினக்ஸும் நிறுவினேன். அன்றிலிருந்து பழையது துவங்க ஒன்றரை நிமிடம் கூடுதலாகிறது. ‘ஸ்டார்ட் ஜாப்’ என்று ஏதோ ஓடுகிறது.

பதில்: இல்லாத வட்டுப் பகுதிக்காக, துவக்க வேலைகளை நடத்தும் சிஸ்டம்டி என்ற நிரல் காத்திருக்கிறது. அதன் வழக்கமான பொறுமை 90 வினாடி. புதிய லினக்ஸ் நிறுவும்போது நினைவகம் போதாதபோது உதவும் ஸ்வாப் பகுதியை மறுபடி ஃபார்மேட் செய்திருக்கும், அதன் அடையாள எண்ணான யுயுஐடி மாறியிருக்கும். துவக்கத்தில் இணைக்க வேண்டிய வட்டுப் பகுதிகளின் பட்டியலான, பழையதன் எஃப்எஸ்டேப் (/etc/fstab) கோப்பிலோ இன்னும் பழைய எண். டெர்மினலில் சூடோ பிஎல்கேஐடி (sudo blkid) கொடுத்தால் இப்போதைய எண் தெரியும். கோப்பை நகலெடுத்துக்கொண்டு அப்புறம் திருத்துங்கள். அதில் ஒரு எழுத்து பிசகினால் டெஸ்க்டாப் வராமல், வெறும் கட்டளை வரி மட்டும் உள்ள எமர்ஜென்சி மோடில் போய் விழ வாய்ப்பு உண்டு.

கேள்வி: கடவுச்சொல் சரிதான். ஆனால் திரை ஒரு கணம் இருண்டு, மறுபடி அதே லாகின் பக்கம் வருகிறது.

பதில்: கன்ட்ரோல், ஆல்ட், எஃப்3 சேர்த்து அழுத்துங்கள். எழுத்துத் திரையில் லாகின் செய்யுங்கள். கடவுச்சொல் அடிக்கும்போது எதுவும் தெரியாது, விசைப்பலகை கெட்டுப்போகவில்லை. முதலில் டிஎஃப் (df) கட்டளையில் வட்டு 100 சதவீதம் நிரம்பியிருக்கிறதா பாருங்கள். நிரம்பியிருந்தால் பெரிய கோப்புகள் சிலவற்றை நீக்கினாலே போதும். இடம் இருந்தால், ஹோம் கோப்புறையில் புள்ளியோடு தொடங்கும் ‘எக்ஸ்அதாரிட்டி’ (.Xauthority) கோப்பின் உரிமையாளர் நீங்களாக இல்லாமல் ரூட்டாக, அதாவது நிர்வாகக் கணக்காக, இருக்கிறதா பாருங்கள். நிர்வாக அதிகாரம் தரும் சூடோ போட்டு, சாளரத்தில் ஓடும் நிரல்களைத் திறப்பவர்களுக்கு இது நேரும். சூடோ கொண்டே அந்தக் கோப்பை அழித்துவிட்டு மறுதுவக்கம் செய்யுங்கள், அடுத்த லாகினில் புதிதாக உருவாகிவிடும்.