சித்தி என்றே கூப்பிடட்டும்

கேள்வி: எனக்கும் கணவருக்கும் இது மறுமணம். அவருடைய இரண்டு பெண்கள், என் மகன், எங்களுக்குப் பிறந்த ஒன்றரை வயதுக் குழந்தை. அவர் விடியுமுன்பே ரப்பர் பால்வெட்டுக்குப் போய்விடுவார். காலையில் நாலு பேரோடும் நான் ஒருத்திதான் மல்லுக்கட்டுகிறேன். மூத்தவள் என்னைச் சித்தி என்கிறாள். தலை பின்னக்கூட விடுவதில்லை.
- வாசகி, மார்த்தாண்டம்

பதில்: சித்தி என்றே கூப்பிடட்டும், தங்கச்சி. தக்கலையில் நானும் ஒரு சித்தி கையில் வளர்ந்தவள்தான். அவர் வந்த புதிதில், புளிமுளம் என்கிற மீன்குழம்பு வைக்கத் தேங்காய் அரைத்துக்கொண்டே, "உங்கம்மா இதுல நல்லமிளகு சேர்ப்பாளா மக்களே?" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. ஆனால் அந்த வீட்டில் அம்மாவைப் பற்றிப் பேசலாம் என்று அன்றைக்குப் புரிந்தது. கொஞ்ச நாளில் சீப்பை நானே கொண்டுபோய் அவர் கையில் கொடுத்தேன்.

அப்புறம், கைக்குழந்தையை மூத்தவள் இடுப்பில் ஏற்றிவிடாதீர்கள். அவளாகத் தூக்கினால் சரி. காலைக்கு வேண்டிய மரச்சீனிக் (மரவள்ளி) கிழங்கை ராத்திரியே நறுக்கித் தண்ணீரில் போட்டு வையுங்கள். மழை பெய்தால் பால்வெட்டு இல்லையே, அன்றைக்குப் பிள்ளைகளைக் கிளப்புவது அவர் வேலை.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். உங்கள் மகனுக்குக் கணவரின் சொத்தில் வாரிசுரிமை தானாக வராது. கொடுக்க நினைத்தால், இரண்டு சாட்சிகளோடு அவர் உயில் எழுதி வைக்கட்டும். இதை இப்போதே பேசுங்கள்.