நிலத்தை விற்று வாங்கும் பேராசிரியர் பதவி வேண்டாம்

குடியாத்தத்தில் கைத்தறி நெய்யும் ஒரு தந்தை எனக்கு எழுதியிருக்கிறார். அவருடைய மகள் அரசுக் கல்லூரியில் எம்.காம். முடித்துவிட்டு வீட்டில் இருக்கிறார். பெண்ணின் தாய்மாமன் ஒரு திட்டத்தோடு வந்திருக்கிறார். முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்துவிட வேண்டும். ஆய்வேட்டை எழுதித் தர ஆள் இருக்கிறது. பட்டம் வந்ததும் ஓர் அரசு உதவிபெறும் கல்லூரியில் உதவிப் பேராசிரியர் இடத்தை 30 லட்சத்துக்கு முடித்துத் தர ஓர் இடைத்தரகர் ஒப்புக்கொண்டிருக்கிறார். முன்பணத்தை மட்டும் இப்போதே கொடுத்துவிட வேண்டும். கௌண்டன்ய ஆற்றை ஒட்டியிருக்கும் நிலத்தை விற்றால் பாதி கிடைக்கும், மீதியை வட்டிக்கு வாங்கிக்கொள்ளலாம் என்பது கணக்கு. பேராசிரியை என்றால் நல்ல வரனும் அமையும் என்று வீட்டுப் பெரியவர்கள் சேர்ந்துகொண்டிருக்கிறார்கள். கடிதத்தின் கடைசியில்தான் மகளைப் பற்றி ஒரு வரி வருகிறது: "பெண் மட்டும் கணக்குத் தணிக்கை வேலைக்குத்தான் போவேன் என்கிறாள், அது சரிப்பட்டு வருமா என்று தெரியவில்லை."

ஐயா, மகளின் எதிர்காலத்தை நினைத்து நீங்கள் தூக்கமில்லாமல் இருப்பது எனக்குப் புரிகிறது. ஆனால் உங்களைத் தேற்றுவதற்காக இதை எழுதவில்லை. நிலத்தை விற்காதீர்கள். முன்பணம் கொடுக்காதீர்கள். உங்கள் மைத்துனர் தங்கை மகள்மீது கொண்ட பாசத்தில் எனக்குச் சந்தேகம் இல்லை, ஆனால் அவர் காட்டும் வழி உங்கள் குடும்பத்தைக் குற்றத்துக்குள்ளும் கடனுக்குள்ளும் ஒரே நேரத்தில் இழுத்துச் செல்லும்.

முதலில் பணக் கணக்கைப் பார்ப்போம். வட்டிக்கு வாங்கப்போகும் 15 லட்சத்துக்கு உங்கள் ஊர் வழக்கப்படி நூற்றுக்கு இரண்டு ரூபாய் என்றால் மாதம் 30,000 ரூபாய் வட்டி மட்டும் போகும். அசல் ஒரு ரூபாயும் குறையாது. உதவிப் பேராசிரியரின் தொடக்க அடிப்படை ஊதியம் 57,700 ரூபாய். அகவிலைப்படி தனியாகச் சேரும் என்றாலும், அடிப்படை ஊதியத்தில் பாதிக்கு மேல் வட்டிக்காரரிடம் போய்விடும். அந்த ஊதியமும் உறுதியானதன்று. உதவிபெறும் கல்லூரியில் நிர்வாகம் நியமன உத்தரவு கொடுத்துவிட்டால் மட்டும் போதாது. கல்லூரிக் கல்வித் துறை அந்த நியமனத்துக்கு ஒப்புதல் அளித்தால்தான் அரசு மானியத்தில் சம்பளம் வரும். ஒப்புதல் தள்ளிப்போகும் ஒவ்வொரு மாதமும் அந்த வட்டியை உங்கள் தறிதான் கட்ட வேண்டியிருக்கும். கொடுத்த பணத்தைத் திரும்பக் கேட்டு நீதிமன்றம் போகவும் முடியாது, ஏனென்றால் சட்டவிரோதமான நோக்கத்துக்காகச் செய்துகொண்ட ஒப்பந்தம் 1872-ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டப்படி செல்லாது.

"எல்லோரும் கொடுக்கிறார்கள், நாம் மட்டும் கொடுக்காவிட்டால் எப்படி" என்று உங்கள் மைத்துனர் கேட்டதாக எழுதியிருக்கிறீர்கள். 2018-இல் ஊழல் தடுப்புச் சட்டம் திருத்தப்பட்ட பிறகு, லஞ்சம் வாங்குவதைப் போலவே கொடுப்பதும் 7 ஆண்டுவரை சிறைத் தண்டனைக்குரிய குற்றம். தருவதாக வாக்களிப்பதும் அதே குற்றத்தில் அடங்கும். இடைத்தரகர் கையில் கொடுத்தேன் என்பதால் பொறுப்பு விலகாது. பல்கலைக்கழகத் துணைவேந்தரும் ஆசிரியரும் ஊழியரும் அந்தச் சட்டத்தின் கண்ணில் பொதுஊழியர்கள். அரசின் நிதியுதவி பெறும் கல்வி நிறுவனத்தின் நிர்வாகிகளும் அப்படியே. நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தின் அறங்காவலரும் இதற்குள் வருவார் என்று உச்ச நீதிமன்றம் 2020-இல் தீர்ப்பளித்தது. குஜராத்தில், மருத்துவம் படித்த மகள் தேர்வெழுத வேண்டுமானால் 20 லட்சம் தர வேண்டும் என்று தன்னிடம் கேட்கப்பட்டதாக ஒரு தந்தை கொடுத்த புகாரில் தொடங்கிய வழக்கு அது. நம் மாநிலத்தில், பாரதியார் பல்கலைக்கழகத்தின் அப்போதைய துணைவேந்தர் ஆசிரியர் பணி தொடர்பாக 30 லட்சம் லஞ்சம் பெற்றதாகக் குற்றம்சாட்டப்பட்டு 2018 பிப்ரவரியில் லஞ்ச ஒழிப்புத் துறையால் கைது செய்யப்பட்டார்.

இன்னொன்றையும் நீங்கள் எண்ணிப் பார்க்க வேண்டும். அரசு பாலிடெக்னிக் கல்லூரிகளின் 1,058 விரிவுரையாளர் இடங்களுக்கு 2017 செப்டம்பரில் தேர்வு நடந்தது. 196 பேரின் மதிப்பெண்கள் திருத்தப்பட்டிருந்தது தெரியவந்ததால் 2018 பிப்ரவரியில் அந்தத் தேர்வையே ரத்து செய்தார்கள். மறுதேர்வு நடந்தது 2021 டிசம்பரில். நேர்மையாகப் படித்து எழுதிய ஆயிரக்கணக்கான பிள்ளைகளின் வயதில் நான்கு ஆண்டுகளை, பணம் கொடுத்து மதிப்பெண் வாங்க முனைந்தவர்கள் எடுத்துக்கொண்டார்கள். அந்தப் பிள்ளைகளில் பலர் உங்களைப் போன்ற நெசவாளர் வீடுகளிலும் பீடித் தொழிலாளர் வீடுகளிலும் பிறந்தவர்கள். மேற்கு வங்கத்தில் 2016-ஆம் ஆண்டுத் தேர்வின் மூலம் பள்ளி வேலை பெற்ற சுமார் 25,000 பேரின் நியமனங்கள் செல்லாது என்பதை உச்ச நீதிமன்றம் 2025 ஏப்ரலில் உறுதிசெய்தது. முறைகேடாக நுழைந்தவர்கள் வாங்கிய சம்பளத்தையும் திருப்பித் தர வேண்டும் என்றது. முறைகேடாகக் கிடைத்த வேலை பல ஆண்டுகள் கழித்தும் கையைவிட்டுப் போகலாம்.

ஆய்வேட்டை எழுதித் தர ஆள் இருக்கிறது என்ற பேச்சைக் கேட்டபோதுதான் எனக்கு மிகுந்த வருத்தம் ஏற்பட்டது. பிறர் எழுதியதைத் தன் பெயரில் கொடுத்துப் பட்டம் வாங்குகிறவர், நாளை வகுப்பில் நின்று மாணவரின் திட்டக் கட்டுரையைக் கையில் எடுத்து, "இதை நீ எழுதினாயா?" என்று எந்த முகத்தோடு கேட்பார்? விலைக்கு எழுதுகிறவர்கள் பெரும்பாலும் பழைய ஆய்வேடுகளிலிருந்து வெட்டி ஒட்டுகிறார்கள் என்பதும் இந்தத் துறையில் அனைவரும் அறிந்தது. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018-ஆம் ஆண்டு விதிகளின்படி, ஆய்வேட்டில் 60 விழுக்காட்டுக்கு மேல் பிறர் எழுத்து ஒத்திருந்தால் பதிவே ரத்தாகும்; பட்டம் பெற்ற பிறகு கண்டறியப்பட்டாலும் பட்டத்தை நிறுத்திவைக்க முடியும். இவ்வளவுக்கும், உதவிப் பேராசிரியர் பணிக்கு முனைவர் பட்டம் கட்டாயமும் அன்று. நெட் எனும் தேசியத் தகுதித் தேர்வு அல்லது செட் எனும் மாநிலத் தகுதித் தேர்வில் தேர்ச்சியே குறைந்தபட்சத் தகுதியாகப் போதும் என்று மானியக் குழு 2023 ஜூலையில் தெளிவாக்கிவிட்டது. கற்பிப்பதில் உங்கள் மகளுக்கு உண்மையான நாட்டம் இருந்தால், நெட் எழுதி, ஆசிரியர் தேர்வு வாரியத்தின் அறிவிப்புக்குக் காத்திருக்கும் வழி அனைவருக்கும் தெரிந்ததே. அதைப் பற்றி நான் விரிவாகச் சொல்லத் தேவையில்லை. ஆனால் அவருடைய நாட்டம் வேறு பக்கம் இருக்கிறது.

நான் அவரோடு தொலைபேசியில் பேசினேன். அம்மாவின் மகளிர் சுயஉதவிக் குழுவில் கடன் தவணைக் கணக்கு இடித்தபோது, அவரே உட்கார்ந்து ரசீதுகளையும் வங்கிப் புத்தகத்தையும் வரிக்கு வரி ஒப்பிட்டு, ஒரே தவணை இரண்டு முறை பதிவாகியிருந்ததைக் கண்டுபிடித்ததை அவ்வளவு உற்சாகத்தோடு சொன்னார். கல்லூரியில் பாடம் நடத்துவதைப் பற்றிக் கேட்டபோது அந்த உற்சாகம் குரலில் இல்லை. இருபத்து மூன்று வயதுப் பெண் தனக்கு எது வரும் என்று தெளிவாகச் சொல்லும்போது, பெரியவர்கள் அதைக் கடிதத்தின் கடைசி வரிக்குத் தள்ளக் கூடாது.

உங்கள் உறவினர்கள் யாரும் சொல்லாத ஒரு துறையைப் பற்றிச் சொல்கிறேன். தமிழ்நாடு அரசின் நிதித் துறையின்கீழ் உள்ளாட்சி நிதித் தணிக்கைத் துறை என்று ஒன்று இருக்கிறது. பெயரைக் கேட்டால் ஊராட்சி ஒன்றியமும் நகராட்சியும் மட்டும் நினைவுக்கு வரும். ஆனால் சேர்க்காட்டில் இருக்கும் திருவள்ளுவர் பல்கலைக்கழகம் போன்ற மாநிலப் பல்கலைக்கழகங்களின் கணக்குகளையும் தணிக்கை செய்வது இந்தத் துறைதான். கல்லூரிகளிடமிருந்து வாங்கிய இணைப்புக் கட்டணமும் மாணவர்களின் தேர்வுக் கட்டணமும் முழுமையாகக் கணக்கில் ஏறியிருக்கின்றனவா, விடைத்தாள் அச்சிட்டதில் ஒப்பந்தப்புள்ளி முறையாகக் கோரப்பட்டதா, அலுவலர்கள் எடுத்த முன்பணம் ஆண்டுக்கணக்கில் நேர்செய்யப்படாமல் கிடக்கிறதா, அனுமதிக்கப்பட்ட பணியிடங்களுக்கு மேல் ஆள் நியமித்துச் சம்பளம் கொடுக்கப்பட்டதா, ஆதிதிராவிட மாணவர்களுக்கு வந்த உதவித்தொகை அவர்கள் கையில் சேர்ந்ததா என்று செலவுச் சீட்டு, ரொக்கப் பதிவேடு, இருப்புப் பதிவேடு ஆகியவற்றை வைத்துக்கொண்டு கேள்வி எழுப்பும் வேலை அது. எழுப்பிய கேள்வி தணிக்கைத் தடையாக, அதாவது எழுத்து மூலமான ஆட்சேபணையாக, கோப்பில் ஏறிவிட்டால், அதற்கு ஆவணத்தோடு பதில் சொல்லாமல் நிர்வாகம் அதிலிருந்து மீள முடியாது. பல்கலைக்கழக ஊழலைப் பற்றி மேடையில் பேசுகிறவர்கள் பலர் உண்டு. பதிவேட்டைத் திறந்து பார்க்கும் அதிகாரம் சிலருக்குத்தான் உண்டு. உங்கள் மகள் அந்தச் சிலரில் ஒருவராக விரும்புகிறார்.

இந்தத் துறையின் உதவி ஆய்வாளர் பணியிடங்களைத் தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம் குரூப் 2, 2ஏ ஒருங்கிணைந்த தேர்வின் வழியாக நிரப்புகிறது. இந்து சமய அறநிலையத் துறையின் தணிக்கைப் பிரிவுக்கும் அதே தேர்வில் இடங்கள் வருவதுண்டு. ஒவ்வொரு அறிவிக்கையிலும் பதவிவாரியாகக் கல்வித் தகுதியைப் படித்துப் பார்க்க வேண்டும். முதல்நிலைத் தேர்வில் 200 வினாக்கள், 300 மதிப்பெண். அதில் நூறு வினாக்களைப் பொதுத் தமிழிலேயே எழுதலாம். குரூப் 2 பதவிகளுக்கு இருந்த நேர்முகத் தேர்வும் நீக்கப்பட்டுவிட்டதால், "உள்ளே ஆள் இருக்கிறது" என்று சொல்லிக் காசு பறிக்கும் தரகருக்கு இடம் குறைந்திருக்கிறது. செலவு என்று பார்த்தால், ஐந்தாண்டு செல்லும் ஒருமுறைப் பதிவுக்கு 150 ரூபாய், முதல்நிலைக்கு 100, முதன்மைத் தேர்வுக்கு 150.

மத்திய அரசிலும் இதே தொழில் உண்டு. இந்தியக் கணக்குத் தணிக்கைத் துறைத் தலைவரின்கீழ் இயங்கும் அலுவலகங்களுக்கு, சென்னைத் தேனாம்பேட்டையில் நம் மக்கள் ஏஜி ஆபீஸ் என்று சொல்லும் அலுவலகம் உட்பட, பணியாளர் தேர்வாணையத்தின் (எஸ்.எஸ்.சி.) பட்டதாரி நிலைத் தேர்வு வழியாக ஆள் எடுக்கிறார்கள். உதவித் தணிக்கை அலுவலர் பதவியின் தொடக்க அடிப்படை ஊதியம் 47,600 ரூபாய், தணிக்கையாளர் பதவிக்கு 29,200. பெண்களுக்கு விண்ணப்பக் கட்டணமே இல்லை. வேலூரிலும் தேர்வு மையம் உண்டு. இந்தத் தேர்வு ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான் நடக்கிறது என்பதால் ஆங்கிலப் பயிற்சியை இப்போதே தொடங்கியாக வேண்டும். இவை இரண்டுக்கும் படித்துக்கொண்டே காஸ்ட் அக்கவுண்டன்ட் படிப்பில் பட்டதாரி என்ற முறையில் நேராக இடைநிலைக்குப் பதிவு செய்துகொண்டால், தேர்வு தள்ளிப்போனாலும் தனியார் தணிக்கை அலுவலகங்களில் வேலைக்கு வழி இருக்கும்.

இதில் கடினம் இல்லை என்று நான் சொல்லவில்லை. போட்டி மிகுதி, முதல் முறையிலேயே கிடைத்துவிடும் என்று யாரும் உறுதி தர முடியாது. பணியிடம் வேறு மாவட்டமாக இருக்கலாம். தணிக்கை செய்யப் போகிற இடத்தில் அவர் முன்னும் ஒருநாள் கவரை நீட்டுவார்கள்; தடையை எழுதாமல் விட்டுவிடச் சொல்லி மேலிருந்து தொலைபேசி வரும். அன்று மறுக்கிற துணிவு வேண்டுமானால், தன் வேலைக்காகத் தன் அப்பா யாருக்கும் பணம் கொடுக்கவில்லை என்பது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். 30 லட்சம் கொடுத்து உள்ளே நுழைந்தவரால் அந்தக் கவரை மறுக்க முடியாது, ஏனென்றால் வட்டி அவரைத் துரத்திக்கொண்டிருக்கும்.

இரண்டு ஆண்டுகள் அவருக்குக் கொடுங்கள். அதுவரை வரன் பேச்சை நிறுத்திவையுங்கள். தனியார் பயிற்சி மையத்தில் பெரிய தொகை கட்டுவதற்கு முன், வேலூர் மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தின் தன்னார்வப் பயிலும் வட்டத்தில் நடக்கும் இலவச வகுப்புகளைப் பற்றி நேரில் விசாரியுங்கள். நான் முதல்வன் திட்டத்தின் போட்டித் தேர்வுப் பயிற்சிக்கும் விண்ணப்பிக்கச் சொல்லுங்கள்.

தரகர் மீண்டும் அழைத்தால் "யோசித்துச் சொல்கிறோம்" என்று கூடச் சொல்ல வேண்டாம். வேண்டாம் என்று நீங்களே நேரடியாகச் சொல்லுங்கள், மைத்துனர் வழியாகச் சொல்லி அனுப்பாதீர்கள். அவர் மிரட்டினாலோ, உங்களுக்குத் தெரியாமல் மைத்துனர் ஏற்கெனவே ஏதேனும் கொடுத்திருந்தாலோ, ஒரு வழக்கறிஞரைக் கலந்துகொண்டு வேலூரிலுள்ள லஞ்ச ஒழிப்புத் துறை அலுவலகத்துக்கு உடனே செல்லுங்கள். கட்டாயத்தின் பேரில் கொடுத்தவர் 7 நாளுக்குள் புகார் செய்தால் சட்டம் அவருக்குப் பாதுகாப்பு அளிக்கிறது. அந்தக் கெடுவைத் தாண்டவிடாதீர்கள்.