ஒய்டூகே வெறும் புரளிதானே? 2038-ம் அதே கதைதானா?

கேள்வியின் விளக்கத்தில் நீங்கள் எழுதியிருப்பது இது: 2000 பிறக்கும்போது கம்ப்யூட்டர் எல்லாம் நின்றுவிடும் என்று பேப்பர்காரர்கள் பயமுறுத்தினார்கள், ஒன்றுமே ஆகவில்லை, இப்போது 2038-ல் கம்ப்யூட்டர் தேதி கவிழும் என்கிறார்கள், ஏஐ என்கிறார்கள், எல்லாம் சயின்ஸ் ஃபிக்‌ஷன் படித்து மண்டை குழம்பியவர்கள் கிளப்பிவிடுவதுதானே?

நீங்கள் 1995-க்குப் பிறகு பிறந்தவர் என்று நினைக்கிறேன். ஆபீசில் யாரோ 2038 பற்றிப் பேசி, மற்றவர்கள் சிரித்திருப்பார்கள். உங்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் "ஒண்ணும் ஆகலையே" என்ற பேச்சை 25 வருடத்துக்கும் மேலாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். அது என்னைக் குத்தாத நாள் கிடையாது. அதனால் பதில் கொஞ்சம் நீளும்.

1999-ல் எனக்கு 24 வயது. மதுரை சிம்மக்கல் பக்கம் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் வேலை. காலையில் பிள்ளைகளுக்கு டாஸ் சொல்லிக்கொடுப்பேன், மத்தியானத்துக்கு மேல் கடை கடையாகப் போய் பில்லிங் மெஷின்களைப் பார்ப்பேன். நடுவில் ஒரு மணி நேரம் கிடைத்தால் மாவட்ட மைய நூலகத்துக்குப் போய்விடுவேன். விண்வெளிக் கதை, ரோபோ கதை, பேப்பரில் வரும் அறிவியல் பக்கம், எதையும் விட்டதில்லை. ஒய்டூகே பற்றி எனக்கு அப்படித்தான் தெரியும்.

விஷயம் என்னவென்று தெரியாதவர்களுக்கு: அந்தக் காலத்தில் கம்ப்யூட்டரில் இடம் என்பது பொன் மாதிரி. பஞ்ச் கார்டில் மொத்தமே 80 எழுத்துதான் அடங்கும். அதில் 1967 என்று நாலு இலக்கம் எழுதாமல் 67 என்று மிச்சம் பிடித்தார்கள். அந்தப் பழக்கம் கார்டு போன பிறகும் போகவில்லை. 99-க்கு அடுத்து 00 வந்தால் இயந்திரம் அதை 1900 என்று எடுத்துக்கொள்ளும்.

தெற்கு ஆவணி மூல வீதியை ஒட்டிய ஒரு சந்தில் ஓர் அடகுக்கடை. பெயர் வேண்டாம். அங்கே 486 மெஷின், பச்சை எழுத்து மானிட்டர், பக்கத்தில் டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர். அடகுக் கணக்கு முழுக்க கிளிப்பர் என்ற அந்தக் கால புரோகிராம் மொழியில் எழுதிய ஒரு புரோகிராமில் ஓடிக்கொண்டிருந்தது. எழுதியவர் எப்போதோ வெளிநாடு போய்விட்டார். நவம்பரில் ஒருநாள் முதலாளியிடம், "வருசம் மாறும்போது வட்டிக் கணக்குல சிக்கல் வரலாம், ஒரு தடவை சோதிச்சுப் பாத்துருவோம்" என்றேன். "பேப்பர்ல போட்டதெல்லாம் நடந்துருமா? போப்பா" என்று அனுப்பிவிட்டார்.

கணக்குப்பிள்ளை மட்டும் விடவில்லை. அறுபது வயசு இருக்கும் அவருக்கு. கம்ப்யூட்டரை நம்பாமல் பேரேட்டையும் தனியாக எழுதி வந்தவர். "ஞாயித்துக்கிழமை கடை லீவு. நீ வா, நான் சாவி வாங்கி வைக்கிறேன்" என்றார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை டேட்டாவை முழுக்க வேறு ஒரு டைரக்டரியில் காப்பி எடுத்துக்கொண்டு, மெஷின் தேதியை 2000 ஜனவரி 3 என்று மாற்றினேன். பொய்யாக ஓர் அடகு போட்டேன்: சங்கிலி ஒன்று, கடன் 5,000 ரூபாய், மாத வட்டி ஒன்றரை. தேதிக் கட்டத்தில் வழக்கம்போல 03/01/00 என்று தட்டினேன். பிறகு மெஷின் தேதியை மார்ச் 3-க்குத் தள்ளி, அதே சங்கிலியை மீட்கப் போனேன். இரண்டு மாத வட்டி 150 ரூபாய் வர வேண்டும். திரையில் 90,150 வந்து நின்றது.

நூறு வருஷ வட்டி. சங்கிலியை 1900-ல் வைத்ததாக இயந்திரம் எடுத்துக்கொண்டது. கணக்குப்பிள்ளை மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். "அந்தச் சங்கிலியச் செஞ்ச ஆசாரியே அப்ப பொறந்திருக்க மாட்டானேப்பா" என்றார்.

வட்டி மட்டும் என்றால் கூடப் பரவாயில்லை. 90,150 என்று வந்தால் எவர் கண்ணிலும் படும். எனக்கு வயிற்றைக் கலக்கியது ஏலப் பட்டியல். கெடு தாண்டிய நகைகளை எது பழசோ அது முதலில் வருகிற மாதிரி வரிசைப்படுத்தி அச்சடிக்கும் பட்டியல் அது. அந்த வரிசையும் இரண்டு இலக்க வருஷத்தை வைத்துத்தான். 99-ஐ விட 00 சின்னது. அப்படியானால் பொங்கலுக்கு ஒரு பெண் வந்து தாலிக்கொடியை வைத்தால், அது பட்டியலின் தலையில் போய் உட்காரும். அந்த மெஷினின் பட்டியலை நம்பி ஏலத்துக்கு அனுப்புகிறவர் முதலாளி. யார் கண்ணிலும் பளிச்சென்று படாத தப்பு அதுதான்.

நான் படித்த கதைகளில் கெட்டுப்போன இயந்திரத்துக்குச் சிவப்புக் கண் இருக்கும், மனிதனிடம் சவால் விட்டுப் பேசும். இந்த மெஷின் பாவம், சொல்லிக்கொடுத்ததை அப்படியே செய்தது. அன்றிலிருந்து ரோபோ வந்து உலகை ஆளும் கதைகளை விட, சின்ன ஒரு கணக்குப் பிசகில் ஊரே தடுமாறும் கதைகள்தான் எனக்குப் பிடிக்கும். இலங்கையில் குடியிருந்த ஆர்தர் சி. கிளார்க் 1990-லேயே இந்த இரண்டு இலக்கச் சிக்கலைத் தீர்த்துப் பணக்காரர்களான ஒரு தம்பதியை நாவலில் எழுதிவிட்டார். அதைப் பின்னாளில் படித்தபோது, சயின்ஸ் ஃபிக்‌ஷன் படிப்பதைக் கிறுக்குத்தனம் என்றவர்கள் முகமெல்லாம் ஞாபகம் வந்தது.

சரி செய்ய மூல நிரல், அதாவது அவர் கையால் எழுதிய புரோகிராம் வரிகள் வேண்டும். அது இரண்டு ஃபிளாப்பியில் இருந்தது. ஃபிளாப்பிகள் நகையோடு இரும்புப் பெட்டிக்குள் இருந்தன. ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனப் பொட்டு ஒன்றின் தகரத் தகட்டில் காய்ந்து ஒட்டியிருந்தது. ஊசியால் மெல்லச் சுரண்டி எடுத்தேன். முதல் ஃபிளாப்பி படித்தது. இரண்டாவது கரகரவென்று சத்தம் போட்டு "அபார்ட், ரீட்ரை, ஃபெயில்" என்றது. எத்தனை தடவை ரீட்ரை அடித்தேன் என்று கணக்கில்லை. வேறு மெஷினின் டிரைவில் போட்ட பிறகுதான் இறங்கியது.

கிளிப்பரில் "செட் எபோக் டு 1950" என்று ஒரு கட்டளை உண்டு. 50-க்குக் கீழே தட்டினால் 2000-ஐச் சேர்ந்தது, 50-ம் அதற்கு மேலும் 1900-ஐச் சேர்ந்தது என்று அது எடுத்துக்கொள்ளும். அந்த ஒரு வரியில் வட்டி சரியாகிவிட்டது. வரிசைப்படுத்தும் இடங்களைத் தேடித் தேடி மாற்றியதற்குத்தான் நாள் பிடித்தது. பிப்ரவரி 29-ஐயும் பார்க்க வேண்டியிருந்தது. நூற்றாண்டு வருஷங்களில் 400-ஆல் வகுபடுவது மட்டும்தான் லீப் வருஷம். 1900 கிடையாது, 2000 உண்டு. கடை அடைத்த பிறகு ராத்திரி 9 மணிக்கு உட்கார்ந்து பதினோரு ராத்திரி. உயிரோடு இருந்த அடகு ஒவ்வொன்றையும் அச்சடித்து, கணக்குப்பிள்ளை பேரேட்டோடு வாய்விட்டுப் படித்து ஒத்துப் பார்த்தார். நடுவில் ஒரு தூக்குவாளி டீ.

டிசம்பர் 31 ராத்திரி டிவியில் எல்லாம் காந்தஹாருக்குக் கடத்திப்போன நம் விமானம்தான். அன்றுதான் பயணிகளை விட்டார்கள். அம்மாவோடு மீனாட்சியம்மன் கோயிலுக்குப் போய்விட்டு வந்தேன். கரண்ட் போகவில்லை. ஒன்றாம் தேதி சனி, அடுத்த நாள் ஞாயிறு. திங்கள்கிழமை, ஜனவரி 3, கடை திறந்தது. முதல் அடகு 03/01/00. மெஷின் ஒழுங்காக எடுத்துக்கொண்டது.

முதலாளி எல்லார் முன்னாலும் சொன்னார்: "பாத்தியா, ஒண்ணும் ஆகல. பேப்பர்காரன் கெளப்பிவிட்ட புரளி." பேசியது 2,000 ரூபாய். கையில் 500 வைத்தார். "ஒரு வரிதானேப்பா மாத்துன? சாமான் எதுவும் புதுசாப் போடலையே" என்றார். மிச்சம் 1,500 இன்றுவரை வரவில்லை. தொகை பெரிதில்லை. சாமான் மாற்றினால் காசு, மூளையைப் போட்டால் காசில்லை என்ற எண்ணம்தான் தாங்க முடியாதது. இன்று சிசிடிவி கடை வைத்திருக்கிறேன், இன்றும் அதே பேச்சு. மூணு மணி நேரம் உட்கார்ந்து அழிந்துபோன கல்யாண வீடியோவை மீட்டுக் கொடுத்தால், "ஹார்ட் டிஸ்க் பழசேதான இருக்கு" என்கிறார்கள்.

வீட்டிலும் நிம்மதி இல்லை. அத்தை மகன் கோபால் படித்துவிட்டு அதே ஒய்டூகே வேலைக்கு 1998-ல் அமெரிக்கா போனான். ஊரில் மாடி வீடு எழுந்தது. "அவனும் ரெண்டு நம்பரத்தான் மாத்துனான், நீயும் ரெண்டு நம்பரத்தான் மாத்துன" என்று அப்பா ஒரு தடவை சொன்னார். அவர் வேண்டுமென்று புண்படுத்தச் சொல்லவில்லை. ஆனால் ஒரே வேலை ஓரிடத்தில் நிபுணத்துவம், இன்னோரிடத்தில் புரளி எப்படி ஆகும்? யாராவது சொல்லுங்கள்.

இதற்குக் கீழே வந்து என்ன சொல்வார்கள் என்று எனக்குத் தெரியும். "பெரிதாகச் செலவே பண்ணாத இத்தாலி, ரஷ்யாவிலும் ஒன்றும் ஆகவில்லையே?" நியாயமான கேள்வி. அங்கே கம்ப்யூட்டரை நம்பி ஓடிய வேலை குறைவு. ஓடிய மென்பொருளும் பெரும்பாலும் மற்ற இடத்தில் திருத்தி வந்ததுதான். எல்லாச் செலவும் அவசியம் என்று நான் வாதாடவில்லை. பயத்தைக் காட்டிப் புது மெஷின் விற்றவர்களை எனக்கே தெரியும். விமானம் விழும், அணு உலை வெடிக்கும் என்று எழுதியது மிகைதான். அதற்காக ஒன்றுமே ஆகவில்லை என்பதும் உண்மையில்லை. நியூயார்க் மாநிலத்தில் ஒரு வீடியோ வாடகைக் கடையில், நூறு வருஷம் தாமதம் என்று 91,250 டாலர் கட்டணம் காட்டியது கம்ப்யூட்டர். என்னுடைய 90,150-க்குத் தூரத்துச் சொந்தம்! அது சிரிக்கிற விஷயம். இங்கிலாந்தில் ஷெஃபீல்டில் நடந்தது சிரிக்கிற விஷயம் இல்லை. தாயின் வயதைத் தப்பாகக் கணக்கிட்டு, 154 கர்ப்பிணிகளுக்கு டவுன் சிண்ட்ரோம் பரிசோதனை முடிவைத் தவறாகச் சொல்லிவிட்டது அங்கிருந்த ஒரு மென்பொருள். திருத்தாமல் விட்ட ஓரிடம் அப்படி இருந்தது.

இப்போது 2038. பல கம்ப்யூட்டர்கள் நேரத்தை 1970 ஜனவரி 1-லிருந்து எத்தனை விநாடி என்று எண்ணி வைக்கின்றன. 32 பிட் இடத்தில், அதாவது 0, 1 என்ற 32 இலக்கத்தில் ஒன்று கூட்டல்-கழித்தல் குறிக்குப் போக, அதிகபட்சம் 214,74,83,647 விநாடி அடங்கும். அது நிறைவது 2038 ஜனவரி 19, நம் நேரத்துக்குக் காலை 8:44:07. அடுத்த விநாடியில் எண் கவிழ்ந்து 1901 டிசம்பருக்குப் போய்விடும். புரளியாக இருந்தால் லினக்ஸ் என்ற இயங்குதளத்தின் உள்மையத்தை (கெர்னல்) எழுதுகிறவர்கள் 32 பிட் மெஷின்களுக்காக 2020-ல் வந்த 5.6 பதிப்பில் 64 பிட் நேரத்தை எதற்குக் கொண்டுவந்தார்கள்? 64 பிட்டில் கிட்டத்தட்ட 29,200 கோடி வருஷம் தாங்கும். உங்கள் போனோ லேப்டாப்போ எனக்குக் கவலை இல்லை, அதற்குள் நாலு தடவை மாற்றிவிடுவீர்கள். சுவரில் மாட்டிவிட்டு மறந்துபோகிற பெட்டிகள்தான் கவலை: சிசிடிவி ரெக்கார்டர், விரல்ரேகை வருகைப் பதிவு, மில்லில் ஓடும் கன்ட்ரோலர். எங்கள் ஊர்ப் பக்கம் ஒரு பெட்டியை மாட்டினால் அது எரிந்து போகிறவரை கழற்ற மாட்டார்கள்.

ஏஐ பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். அது என் தொழில் இல்லை, அதனால் அளந்துதான் பேசுவேன். ஒய்டூகேயில் தப்பு எந்த வரியில் இருக்கிறது என்று விரலை வைத்துக் காட்ட முடிந்தது. ஏஐயில் அப்படி விரல் வைக்க இடமில்லை. இரண்டையும் ஒரே தட்டில் வைத்துப் புரளி என்பதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

என் பேச்சை நம்ப வேண்டாம். உங்களுக்குத் தெரிந்த கடையில் பழைய டிவிஆர், அதாவது சிசிடிவி ரெக்கார்டர், சும்மா கிடந்தால் எடுங்கள். ஓடிக்கொண்டிருக்கும் பெட்டியில் செய்யாதீர்கள், பதிவு அழிந்துபோகலாம். தேதியை 2038 ஜனவரி 19, காலை 8:43 என்று வைத்துவிட்டு இரண்டு நிமிடம் பாருங்கள். சில மலிவுப் பெட்டிகள் நம் நேரத்தையே உலக நேரமாக எண்ணிக்கொள்ளும். உலக நேரப்படி எண் நிறைவது 3:14:07-க்கு. அதனால் அதிகாலை 3:13 என்றும் ஒரு தடவை வைத்துப் பாருங்கள். என் கடையில் சோதித்ததில் இரண்டு பெட்டிகள் 2037-க்கு மேல் தேதியையே வாங்கவில்லை, ஒன்று 1970-க்குப் போய் நின்றது. உங்களுடையது என்ன காட்டியது என்று மாடல் எண்ணோடு கமென்டில் போடுங்கள். நான் ஒரு நோட்டில் எழுதி வைத்து வருகிறேன்.