கல் அறுவைக்குப் பிறகு எந்த ஸ்டென்ட்? ஒரு பஸ் நடத்துநரின் கேள்விக்குப் பதில்

கேள்வி: ஐயா, நான் அரசு பஸ்ஸில் நடத்துநர், பெரும்பாலும் இரவு நேர நெடுந்தூர வண்டி. வயது 41. மூன்று ஆண்டுகளுக்கு முன் இடப்பக்கச் சிறுநீர்க்குழாயில் இருந்த கல்லை லேசரால் உடைத்து எடுத்தார்கள். சிறுநீர் தடையின்றி இறங்க உள்ளே வைத்த டி.ஜே. ஸ்டென்ட் என்ற மெல்லிய குழலை ஐந்து வாரம் கழித்துத்தான் எடுத்தார்கள். அதுவரை அரை மணிக்கு ஒருமுறை சிறுநீர் முட்டியது. கழிக்கும்போது விலாவில் சுருக்கென்று குத்தியது. வண்டி குலுங்கினால் சிறுநீர் சிவந்தது. இப்போது வலது சிறுநீரகத்தில் 13 மி.மீ. கல். ஆர்.ஐ.ஆர்.எஸ். (சிறுநீர் வரும் வழியாகவே மெல்லிய ஸ்கோப்பைச் செலுத்திக் கல்லை உடைப்பது) செய்யலாம், ஸ்டென்ட் வைக்க வேண்டியிருக்கும் என்கிறார் மருத்துவர். சிலிகான், நூல் கட்டியது, காந்தம் வைத்தது, தானே கரைவது என்று பல வகை இருப்பதாகப் படித்தேன். எதைக் கேட்டு வாங்குவது? ஸ்டென்டே இல்லாமல் முடியாதா? என் உயரம் 158 செ.மீ. பழைய டிஸ்சார்ஜ் சம்மரியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் ‘6 எஃப்.ஆர்., 26 செ.மீ.’ என்று இருக்கிறது.

பதில்: உங்கள் கடிதத்தின் கடைசி வரியில்தான் பாதிப் பதில் இருக்கிறது. 158 செ.மீ. உயரம் உள்ளவருக்கு 26 செ.மீ. ஸ்டென்ட் நீளம் அதிகம். நீங்கள் பட்ட பாட்டில் இந்த நீளத்துக்கு எவ்வளவு பங்கு, அந்த ஐந்து வாரத்துக்கு எவ்வளவு பங்கு என்று இப்போது பிரித்துச் சொல்ல முடியாது. ஆனால் இரண்டையுமே குறைத்திருக்கலாம். குறைக்கக் கூடுதலாக ஒரு ரூபாய்கூட ஆகியிருக்காது. கம்பெனிகளின் விளம்பரக் கையேடுகளில் இந்த இரண்டைப் பற்றியும் பெரிதாக எதுவும் இருக்காது. விற்பதற்கு இதில் என்ன இருக்கிறது?

முதலில், அந்தக் குழல் உள்ளே எப்படிக் கிடக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். சிறுநீரகத்திலிருந்து சிறுநீர்ப்பைக்கு இறங்கும் சிறுநீர்க்குழாய்க்குள் அது போகிறது. 1967-இல் ஸ்கோப் என்ற உள்நோக்குக் கருவி வழியாக இதை வைத்துப் பார்த்தபோது வெறும் நேரான சிலிகான் குழலாக இருந்தது. இருந்த இடத்தில் நிற்காமல் நழுவியது. 1978-இல் ஃபின்னி என்ற அமெரிக்க மருத்துவர் இரண்டு முனைகளையும் ‘ஜே’ எழுத்தைப் போல வளைத்தார். டி.ஜே. என்பது அதுதான். மேல் வளைவு சிறுநீரகத்திலும் கீழ் வளைவு சிறுநீர்ப்பையிலும் பிடித்துக்கொள்ள, நழுவும் தொல்லை தீர்ந்தது. புதிய தொல்லை பிறந்ததும் அந்தக் கீழ் வளைவில்தான். உணர்ச்சி நரம்புகள் மிகுந்த சிறுநீர்ப்பையின் அடிப்பகுதியில் அது ஓயாமல் உரசுகிறது; பை நிறையாமலே முட்டுவது அதனால். விலாவில் குத்துவதற்குக் காரணம் வேறு. சிறுநீர்க்குழாய் பைக்குள் நுழையும் இடம் ஒருவழிப் பாதை; கீழே வந்த சிறுநீர் மேலே திரும்பாது. ஸ்டென்ட் அந்த வாயிலைத் திறந்தே வைத்திருக்கிறது. கழிப்பதற்காகப் பை சுருங்கும்போது அந்த அழுத்தம் நேராகச் சிறுநீரகத்துக்கு ஏறிவிடுகிறது. வலிக்குமே தவிர, சில வாரங்கள் இருக்கும் ஸ்டென்டில் இதனால் சிறுநீரகம் கெட்டுவிடாது.

இப்படி அவதிப்பட்டது நீங்கள் மட்டும் அல்ல. ஸ்டென்ட் வைத்தவர்களுக்கென்றே தனியாக ஒரு கேள்விப் படிவம் உருவாக்கி, பிரிட்டனில் நடத்திய ஆய்வு 2003-இல் வெளியானது. அன்றாட வேலையைக் கெடுக்கும் அளவுக்கு வலி இருந்ததாக 80 சதவீதத்துக்கும் அதிகமானோர் சொன்னார்கள். வேலைத்திறன் குறைந்ததாகச் சொன்னவர்கள் 58 சதவீதம். “சின்னக் குழாய்தானே” என்று மருத்துவர்கள் சொல்லிவிட்டுப் போவது அதன் பிறகு கொஞ்சம் குறைந்திருக்கிறது.

நீளத்துக்கு வருவோம். 160 செ.மீ.க்குக் குறைவான உயரம் என்றால் 22, அதற்கு மேல் 24, நல்ல உயரமானவர்களுக்கு 26 என்று தொடங்குவது பல மருத்துவர்களின் வழக்கம். உயரத்தை வைத்துச் சொல்வதும் உத்தேசம்தான். அளவுக்கோடு போட்ட கதீட்டர் என்ற மெல்லிய குழலை உள்ளே செலுத்தி, எக்ஸ்ரே திரையில் பார்த்து, சிறுநீர்க்குழாயின் நீளத்தை அறுவை அறையிலேயே அளந்துவிடலாம். கீழ் வளைவு சிறுநீர்ப்பையின் நடுக்கோட்டைத் தாண்டி எதிர்ப்பக்கம் வரை கிடந்தால் தொல்லை கூடும் என்பது பல ஆய்வுகளில் திரும்பத் திரும்பத் தெரிந்த ஒன்று. உங்கள் பழைய எக்ஸ்ரே படம் கையில் இருந்தால் எடுத்துப் பாருங்கள்; வளைவு எங்கே கிடந்தது என்று உங்களுக்கே தெரியும். எல்லா உயரத்துக்கும் ஒரே ஸ்டென்ட் என்று பல சுருள்களுடன் வருவதும் உண்டு. ஆஸ்பத்திரி ஸ்டோருக்கு அது வசதி. குள்ளமானவர்களுக்கு மிச்சச் சுருள்கள் எல்லாம் சிறுநீர்ப்பையில் போய்க் குவியும். அதை வேண்டாம் என்று சொல்லுங்கள்.

அடுத்தது நாள் கணக்கு. சிக்கல் இல்லாத அறுவை என்றால் ஒரு வாரம், மிஞ்சினால் இரண்டு வாரம் போதும். சிறுநீர்க்குழாயில் கிழிசல் ஏற்பட்டிருந்தால்தான் நான்கு முதல் ஆறு வாரம் தேவைப்படும். அன்று உங்களுக்கு ஐந்து வாரம் விட்டதற்கு அப்படி ஒரு காரணம் இருந்ததா, இல்லை தேதி கிடைக்காமல் தள்ளிப்போனதா என்று அந்த டிஸ்சார்ஜ் சம்மரியிலேயே பாருங்கள்.

ஸ்டென்டே இல்லாமல் முடியுமா? சில நேரங்களில் முடியும். சிறுநீர்க்குழாயின் உட்சுவரில் காயம் இல்லை, அடைப்போ சுருக்கமோ இல்லை, மறுபக்கச் சிறுநீரகம் நன்றாக இருக்கிறது, மறுபடி உள்ளே போகத் தேவையில்லை என்றால் ஸ்டென்டைத் தவிர்க்கலாம் என்று அமெரிக்கச் சிறுநீரியல் சங்கத்தின் வழிகாட்டுதலே சொல்கிறது. ஆனால் ஆர்.ஐ.ஆர்.எஸ்.ஸில் பெரும்பாலும் ஒரு உறையைச் சிறுநீர்க்குழாய்க்குள் செலுத்தி, அதன் வழியாகத்தான் ஸ்கோப் போய் வருகிறது. உங்கள் ஸ்டிக்கரில் ‘எஃப்.ஆர்.’ என்று இருப்பதுதான் பிரெஞ்ச் என்ற தடிமன் அளவு; மூன்று பிரெஞ்ச் ஒரு மில்லிமீட்டர். 12 பிரெஞ்ச் உறை என்றால் 4 மி.மீ., 14 பிரெஞ்ச் என்றால் நாலரைக்கும் மேல். இயல்பான சிறுநீர்க்குழாயின் அகலமே மூன்று, நான்கு மி.மீ.தான். முக்கால் மணி நேரம் அப்படி விரிந்து நின்ற குழாய் பிறகு வீங்காமல் என்ன செய்யும்? வீங்கி அடைத்துக்கொண்டால் ராத்திரியோடு ராத்திரியாகக் கடும் வலியுடன் மறுபடி அட்மிட் ஆக வேண்டியதுதான். உறை போட்டால் ஸ்டென்ட் வைப்பதே நல்லது என்பது என் கருத்து. குழாய் நல்ல நிலையில் இருந்தால், டி.ஜே.க்குப் பதிலாக ஒரு சாதாரணக் கதீட்டரை ஒன்றிரண்டு நாள் மட்டும் வைத்துவிட்டு, வீட்டுக்கு அனுப்பும் முன் எடுத்துவிடுபவர்களும் உண்டு. அப்படிச் செய்ய வாய்ப்பு இருக்கிறதா என்று கேளுங்கள்.

கேட்கவேண்டிய கேள்வி இன்னொன்றும் உண்டு. சி.டி. ஸ்கேனில் உங்கள் கல்லின் அடர்த்தி 1000 ஹெச்.யு.வுக்குக் கீழே இருந்து, கல் சிறுநீரகத்தின் அடிக்கிண்ணத்திலும் இல்லை என்றால், வெளியிலிருந்து அதிர்வலை கொடுத்தே 13 மி.மீ. கல்லை உடைக்கப் பார்க்கலாம். இதற்கு வழக்கமாக ஸ்டென்ட் தேவையில்லை. இரண்டு, மூன்று முறை போகவேண்டி வரலாம். துணுக்குகள் இறங்கும்போது வலிக்கலாம். எல்லாருக்கும் ஒத்துவராது. ஆனாலும் கேட்காமல் விடாதீர்கள்.

இனி வகைகள். பரவலாகக் கிடைப்பது பாலியூரிதேன் ஸ்டென்ட். விலை குறைவு, விறைப்பு அதிகம், உள்ளே வைப்பதும் சுலபம். சிலிகான் மிருது, உப்புப் படிவதும் குறைவு. ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வுகளில் சிலிகான் வைத்தவர்களுக்கு வலி குறைவாக இருந்திருக்கிறது. வழவழப்பு இல்லாததால் வழிகாட்டும் கம்பி மேல் ஏற்றித் தள்ளுவது மருத்துவருக்குச் சற்றுச் சிரமம், விலையும் கூடுதல். கையில் பணம் இருந்தால் முதலில் இதற்குச் செலவிடுங்கள்.

மேல் பகுதி விறைப்பாகவும் கீழ்ப் பகுதி மிருதுவாகவும் இருக்கும் இரட்டைத் தன்மை ஸ்டென்டும் உண்டு. கேட்க நியாயமாக இருக்கிறது. ஆய்வு முடிவுகள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை. ஆறு பிரெஞ்சுக்குப் பதில் 4.8 பிரெஞ்ச் என்று மெல்லியதாக வைப்பதும் இதே கதைதான். சிலருக்குக் கொஞ்சம் சுகம், ஆனால் மெல்லிய குழல் நழுவ வாய்ப்பும் அதிகம். வலி மருந்து தடவிய ஸ்டென்டைப் பெரிய எதிர்பார்ப்போடு பரிசோதித்தார்கள். முக்கிய இலக்கில் சாதாரண ஸ்டென்டை அது மிஞ்சவில்லை. தானே கரையும் ஸ்டென்டின் ஆரம்பகாலச் சோதனைகளில் சிலருக்குத் துண்டுகள் உள்ளே தங்கி, அவற்றை உடைத்து எடுக்க வேண்டியிருந்தது. நீங்கள் அதற்காகக் காத்திருக்க வேண்டாம்.

ஐரோப்பாவில் கீழ் வளைவையே எடுத்துவிட்டு, சிறுநீர்ப்பைக்குள் வெறும் நூல் மட்டும் தொங்கும்படி ஒரு வடிவம் செய்திருக்கிறார்கள். தொல்லையின் மூலத்தையே பிடித்த யோசனை, எனக்கு மிகவும் பிடித்தது. நம் ஊர் ஆஸ்பத்திரிகள் எல்லாவற்றிலும் அது கிடைக்கும் என்று எண்ணிப் போகாதீர்கள்.

நீங்கள் படித்த ‘நூல் கட்டியது’ இது இல்லை. அது சாதாரண டி.ஜே.தான், கீழ் முனையில் கட்டிய நூல் சிறுநீர்த் துவாரம் வழியே வெளியே வந்து தோலில் ஒட்டப்பட்டிருக்கும். உள்ளே இருக்கும்வரை வலியை இது குறைக்காது. ஆனால் எடுப்பதற்கு மறுபடி ஸ்கோப் போட வேண்டாம். நூலைப் பிடித்து ஒரே சீராக இழுத்தால் சில நொடிகளில் வந்துவிடும். அதைவிடப் பெரிய லாபம், தேதி தள்ளிப்போகாது. நூல் கட்டிய ஸ்டென்டை யாரும் மறக்க மாட்டார்கள். தவறுதலாக இழுபட்டுச் சீக்கிரமே வெளியே வந்துவிடுவது ஏறத்தாழ பத்தில் ஒருவருக்கு நடக்கிறது. பெண்களுக்குச் சற்று அதிகம். நூலால் கிருமித்தொற்று கூடுவதாக ஆய்வுகளில் தெரியவில்லை. ஒரு வாரத்தில் எடுக்கப்போகும் ஸ்டென்டுக்கு நூல் நல்ல ஏற்பாடு. நாலு வாரம் இருக்கவேண்டியதற்கு வேண்டாம். நூலோடு டியூட்டிக்கும் போகாதீர்கள்.

காந்த ஸ்டென்டும் எடுப்பதைச் சுலபமாக்குவதற்காக வந்ததுதான். முனையில் காந்தம் உள்ள கதீட்டரைச் சிறுநீர்ப்பைக்குள் விட்டால் ஸ்டென்ட் ஒட்டிக்கொண்டு வந்துவிடும். உள்ளே இருக்கும் நாட்களில் அதனால் சுகம் கூடாது. இடையில் எம்.ஆர்.ஐ. எடுக்க நேர்ந்தால் காந்தம் இருப்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

ஆக, உங்கள் இடத்தில் நான் இருந்தால் மருத்துவரிடம் கேட்பது இதுதான்: 22 செ.மீ., அல்லது அளந்து பார்த்துச் சரியான நீளம், முடிந்தால் சிலிகான், அறுவை சிக்கலின்றி முடிந்தால் நூலோடு வைத்து ஒரு வாரத்தில் எடுத்துவிடுதல். பிராண்டு பெயரை அவரிடமே விட்டுவிடுங்கள்.

மாத்திரைகளையும் இளக்காரமாக நினைக்க வேண்டாம். டாம்சுலோசின் 0.4 மி.கி. இரவில் ஒன்று போட்டால் சிறுநீர்க்குழாயின் இறுக்கம் தளர்ந்து பலருக்கும் வலி குறைகிறது. எழும்போது தலைசுற்றலாம், விந்து வெளிவருவது குறையலாம், மாத்திரையை நிறுத்தினால் சரியாகிவிடும். முட்டல் அதிகம் என்றால் சோலிஃபெனாசின் அல்லது மிராபெக்ரான் சேர்ப்பார்கள். முதலாவதில் வாய் உலரும், மலம் கட்டும். இரண்டாவதற்கு ரத்த அழுத்தத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டும். உங்களுக்கு எது பொருந்தும் என்பதை மருத்துவர் முடிவு செய்யட்டும், ஆனால் கேட்க வேண்டியவர் நீங்கள். போனமுறை எழுதிக் கொடுத்தார்களா என்று உங்கள் கடிதத்தில் இல்லை.

வேலையைப் பற்றி ஒரு வார்த்தை. வழியில் நிறுத்த முடியாது என்று தண்ணீர் குடிக்காமல் இருப்பது உங்கள் தொழிலில் சகஜம். இரண்டு பக்கமும் கல் வந்ததில் அதற்கும் பங்கு இருக்கும். ஸ்டென்ட் இருக்கும்போது அது இன்னும் கெடுதல். சிறுநீர் வெளுத்துப் போகும் அளவுக்கு, ஒரு நாளைக்கு இரண்டரை முதல் மூன்று லிட்டர் குடியுங்கள். அடக்காமல், முக்காமல் கழியுங்கள், விலாக்குத்தல் குறையும். வண்டியின் குலுக்கலில் சிறுநீர் சிவப்பது, ஓய்வெடுத்துத் தண்ணீர் குடித்தால் தெளியும் வரை, பயப்பட வேண்டியதல்ல. ரத்தக்கட்டி வந்தாலோ, சிறுநீர் போகாமல் நின்றாலோ, குளிர் நடுக்கத்துடன் காய்ச்சல் 100.4 டிகிரி தாண்டினாலோ விடியட்டும் என்று காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள். நூல் இல்லாத ஸ்டென்ட் என்றாலும், அந்த ஒரு வாரமாவது இரவு வண்டி வேண்டாம் என்று மருத்துவரிடம் சான்றிதழ் வாங்கிக்கொள்ளுங்கள்.

டிஸ்சார்ஜ் ஆகும்போது எடுக்கும் தேதியைச் சம்மரியில் எழுதச் சொல்லி, ஸ்டிக்கரோடு அந்தப் பக்கத்தைக் கைபேசியில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். சவூதியில் கல் நோயாளிகளின் பாலியூரிதேன் ஸ்டென்டுகளை ஆராய்ந்து 1991-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ஆறு வாரத்துக்குள் எடுத்தவற்றில் 9.2 சதவீதத்தில்தான் உப்புப் படிந்திருந்தது. ஆறு முதல் பன்னிரண்டு வாரம் என்றால் 47.5 சதவீதம், அதற்கும் மேல் 76.3 சதவீதம். மாதக்கணக்கில் மறந்துபோன ஸ்டென்டை எடுக்க, கல்லுக்குச் செய்ததைவிடப் பெரிய அறுவை தேவைப்படலாம்.

எடுக்கும் நாளில் ஸ்கோப் என்றால் மரப்பு ஜெல்லி போட்டுச் சில நிமிட வேலை. வலிக்கும், ஆனால் தாங்கலாம். சில மணி நேரம் கழித்து, சுகமாகிவிட்டது என்று நினைக்கும் நேரத்தில் பழைய கல்வலி போலவே ஒரு வலி வரலாம். ஸ்டென்ட் போன பின் சிறுநீர்க்குழாய் கொஞ்ச நேரம் சுருங்கி இறுக்குவதால் வருவது அது. வீட்டில் வலிமாத்திரை இருக்கட்டும்; அன்று வண்டி ஏறாதீர்கள். ஒரு நாளைத் தாண்டியும் வலி அடங்காவிட்டால் போய் ஒரு ஸ்கேன் எடுத்துப் பாருங்கள். கல் துணுக்கு ஏதாவது குழாயில் நிற்கிறதா என்று தெரிந்துவிடும்.