யானினாவில் வேலை, மலையூரில் வீடு: சரிப்படுமா?

தம்பி, நீங்கள் கேட்டது இதுதானே: கிரேக்கத்தின் யானினா பல்கலைக்கழகத்தில் ஆய்வு வேலை கிடைத்திருக்கிறது, மனைவியும் ஐந்து வயது மகளும் கூடவே வருகிறார்கள். ஆகஸ்டில் ஸகோரி மலைப்பக்கம் சுற்றியதில் ஊர்கள் மனசில் ஒட்டிக்கொண்டன. நகரத்து ஃபிளாட்டுக்குப் பதில் அங்கேயே ஒரு கல்வீடு எடுத்துக்கொண்டு தினமும் காரில் போய்வரலாமா? ஊர்க்காரர்கள் நம்மைச் சேர்த்துக்கொள்வார்களா?

சேர்த்துக்கொள்வார்கள், அதில் சந்தேகமே வேண்டாம். ஆனால் வீடு எடுப்பதை இப்போதைக்குத் தள்ளிப்போடுங்கள். ஸகோரியின் வித்ஸா என்கிற ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள் என்கிற உரிமையில் சொல்கிறேன்.

நீங்கள் பார்த்தது ஆகஸ்ட். அந்த ஒரு மாதம் ஏதென்ஸிலிருந்தும் ஜெர்மனியிலிருந்தும் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் எல்லாரும் திரும்பி வருவார்கள். மாதா திருவிழா 15-ம் தேதி. அதை ஒட்டி ஊர் ஊராகப் பனியீரி, அதாவது ஊர்த்திருவிழா, நடக்கும். சதுக்கத்துப் பிளேன் மரத்தடியில் கிளாரினெட்காரர் உட்கார்ந்து முதலில் வாசிப்பது ஒப்பாரிதான். செத்தவர்களையும் தூரதேசம் போனவர்களையும் நினைத்துவிட்டுத்தான் ஆட்டம் தொடங்கும். பிறகு விடியும்வரை வட்டமாகக் கைகோத்து ஆடுவார்கள், வாத்தியக்காரர்களுக்கு நோட்டுகள் பறக்கும். செப்டம்பர் வந்தால் கார்கள் ஒவ்வொன்றாகக் கிளம்பிவிடும். ஜனவரியில் எங்கள் ஊரில் புகை வரும் புகைபோக்கிகளை நின்ற இடத்திலிருந்தே எண்ணிவிடலாம்.

ஊர் இப்படிக் காலியானது நேற்று இன்று நடந்ததில்லை. 1430-ல் யானினா ஒட்டோமான்களிடம் சரணடைந்தபோது ஸகோரி ஊர்களும் சண்டையில்லாமல் பணிந்தன. பதிலுக்குத் தங்களைத் தாங்களே நிர்வகித்துக்கொள்ளும் சலுகை கிடைத்தது. கூடியும் குறைந்தும் அது 1868 வரை நீடித்தது. சலுகை இருந்தாலும் விளைச்சல் நிலம் இல்லையே. அதனால் ஆண்கள் கோவேறு கழுதையில் மூட்டை ஏற்றிக்கொண்டு புக்காரெஸ்ட், கான்ஸ்டான்டினோபிள், ஒடெஸ்ஸா என்று வியாபாரத்துக்குப் போனார்கள். கல்யாணம் முடிந்த கையோடு புறப்பட்டுப்போய், பல வருஷம் கழித்துத் திரும்பிய மாப்பிள்ளைகள் உண்டு, திரும்பாதவர்களும் உண்டு. வீடு, ஆடு, விறகு, மாமியார், எல்லாம் பெண்கள் தலையில். ஸகோரி இருக்கிற எப்பிரஸ் வட்டாரத்து நாட்டுப்பாட்டில் பாதி இந்தப் பிரிவைப் பற்றியதுதான்.

போனவர்கள் பணம் அனுப்பினார்கள். நீங்கள் படம் பிடித்த கல்பாலங்களெல்லாம் அப்படி வந்த வசதியில் எழுந்தவை. வித்ஸாவின் கல்படிக்கட்டில் இறங்கினால் வருகிற மிசியோஸ் பாலம் 1748-ல் கட்டியது. பக்கத்து ஊரான மொனொதேந்த்ரியின் அலெக்ஸிஸ் மிசியோஸ் கொடுத்த பணம். அதே ஊர்தான் ரிஸாரிஸ் சகோதரர்களுக்கும். ரஷ்யாவில் சம்பாதித்த அவர்கள் விட்டுச்சென்ற சொத்தில்தான் ஏதென்ஸில் 1844-ல் ரிஸாரியோஸ் குருமடப் பள்ளி திறந்தது. பாலத்துக்குப் பணம் போட்டவர் பெயரை ஊர் மறக்காது. ஆனால் ஆண்கள் ஊரில் இல்லாத வருஷங்களில் வீட்டைக் கட்டிக் காத்தவள் பெயரில் ஒரு பாலமும் இல்லை. எனக்கு அதில் கொஞ்சம் வருத்தம்தான்.

1913-ல்தான் இந்தப் பகுதி கிரேக்கத்தோடு சேர்ந்தது. 1940-ல் இத்தாலி படையெடுத்தபோது பிந்துஸ் மலைப் பெண்கள் வெடிமருந்தை முதுகில் சுமந்து பனியில் ஏறினார்கள். பிறகு ஜெர்மானியர் கிழக்கு ஸகோரியில் பல ஊர்களை எரித்தார்கள். அது முடிந்ததும் உள்நாட்டுப் போர். 1960-ல் மேற்கு ஜெர்மனியோடு தொழிலாளர் ஒப்பந்தம் வந்ததும், மிச்சமிருந்த இளசுகளும் ரயிலேறிவிட்டார்கள். என் மாமனார் தலைமுறையில் பாதிப்பேர் ஃபேக்டரி வேலைக்குப் போய்ப் பென்ஷனோடு திரும்பியவர்கள்.

அதனால்தான் வேற்றூர்க்காரர் என்று உங்களை ஒதுக்க மாட்டார்கள் என்கிறேன். பிழைப்புக்காக ஊரை விட்டு வருவது என்றால் என்னவென்று இவர்களுக்கு யாரும் விளக்க வேண்டாம். காஃபிக் கடையில் காலெடுத்து வைத்ததும் "யார் வீட்டுப் பிள்ளை நீ?" என்பார்கள். அடுத்தது சம்பளம், வாடகை, இரண்டாவது குழந்தை எப்போது? முகம் சுளிக்காமல் பதில் சொல்லிவிட்டால் சிப்புரோ என்கிற திராட்சைச் சாராயம் ஒரு கிளாஸ் உங்கள் முன்னால் வந்திருக்கும். குடிக்காவிட்டாலும் கிளாஸை உயர்த்தி ஒரு "யாமாஸ்" சொல்லிவிடுங்கள். மதியம் இரண்டரையிலிருந்து ஐந்துவரை யார் வீட்டுக் கதவையும் தட்டாதீர்கள். அது தூங்கும் நேரம்.

சாப்பாட்டைப் பற்றிக் கவலையே வேண்டாம். மசூர் பருப்பு, கொண்டைக்கடலை, வெள்ளைக் காராமணி எல்லாம் எந்தக் கடையிலும் உண்டு. ஈஸ்டருக்கு முந்தைய நோன்புக் காலத்தில் கறியும் பாலும் முட்டையும் தள்ளிய சமையல் எங்கும் கிடைக்கும். புளி, கறிவேப்பிலை, நல்ல மிளகாய்த்தூளுக்கு ஏதென்ஸின் ஓமோனியா பக்கம் மெனாந்த்ரூ தெருவுக்குத்தான் போக வேண்டும். அங்கே யாராவது தெரிந்தவர் இருந்தால் கேடெல் என்கிற வெளியூர் பஸ்ஸில் பார்சல் போட்டு அனுப்புவார்கள், பஸ் நிலையத்தில் போய் வாங்கிக்கொள்ளலாம். உங்கள் வீட்டம்மா அலெவ்ரோபிதா செய்யக் கற்றுக்கொள்ளட்டும், நீங்களும்தான். மைதாவும் முட்டையும் தண்ணீரும் நீர்தோசை மாவு மாதிரிக் கரைத்து, நெய் தடவிச் சூடேற்றிய பெரிய தட்டில் மெல்லிசாக ஊற்றி, மேலே ஃபெட்டா சீஸை உதிர்த்துத் தூவி, ஓவனில் வைக்க வேண்டியதுதான். ஓரம் மொறுமொறுவென்று சிவந்தால் இறக்கிவிடலாம். திடீர் விருந்தாளிக்கு இங்கே இதுதான் பலகாரம்.

சரி, ஏன் வேண்டாம் என்கிறேன்? பள்ளி. ஸகோரியில் ஏறக்குறைய நாற்பத்தாறு ஊர்; ஒவ்வொன்றிலும் அழகான பழைய பள்ளிக்கட்டிடம் இருக்கும், அநேகமாகப் பூட்டு தொங்கும். மகளுக்குச் சேர்ந்து விளையாட ஒரு பிள்ளை கிடைக்க மாட்டாள். காய்ச்சல் என்றால் முக்கால் மணி நேரம் வளைவுப் பாதையில் யானினாவுக்கு இறங்க வேண்டும். பனி பெய்த இரவில் சக்கரத்துக்குச் சங்கிலி மாட்டிக்கொண்டு. ரொட்டிக்காரர் வேனில் ஹாரன் அடித்துக்கொண்டு வருவார், காய்கறிக்காரர் ஒலிபெருக்கியில் கத்திக்கொண்டு வருவார். அந்த நேரத்தில் நீங்கள் வேலையில் இருப்பீர்கள்; வீட்டில் இருப்பவருக்குக் கிரேக்கம் தெரிந்திருக்க வேண்டும். நாள் முழுக்க அவர் பேசுவதற்கு எண்பது வயதுப் பாட்டிகள்தான் இருப்பார்கள். அருமையான பாட்டிகள், ஆனால் ஒரு வார்த்தை ஆங்கிலம் கிடையாது.

2023-ல் யுனெஸ்கோ ஸகோரியை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்த பிறகு, கல்வீட்டுக்காரர்கள் பலருக்கு மாத வாடகையை விடச் சுற்றுலாப் பயணிகள்மேல்தான் ஆசை. செப்டம்பரிலிருந்து மே வரை தருகிறேன், ஜூனில் காலி செய் என்பார்கள். அப்படி ஒப்பந்தம் போடாதீர்கள்.

முதல் வருஷம் யானினாவில் இருங்கள், ஏரிக்கரையோ பல்கலைக்கழகம் பக்கமோ. நவம்பரில் மனைவியையும் மகளையும் கூட்டிக்கொண்டு மலையில் ஒரு வாரம் தங்கிப் பாருங்கள். அதற்குப் பிறகும் ஆசை குறையவில்லையென்றால் எனக்கு எழுதுங்கள், வீடு நானே விசாரித்துத் தருகிறேன். வீடு பார்க்கும்போது விறகுக் கொட்டகையைத் திறந்து பார்ப்பது முக்கியம். ஓக் விறகு கோடையிலேயே வாங்கி உலர்த்தியிருக்க வேண்டும். அக்டோபரில் தேடினால் ஈர விறகுதான் கிடைக்கும், வீடெல்லாம் புகை.

எந்த ஊரில் இருந்தாலும் முதல் வேலை ஆஃபிமி, அதாவது வரி எண். அது இல்லாமல் வாடகை ஒப்பந்தம் போட முடியாது. வீட்டுக்காரர் அந்த ஒப்பந்தத்தை வரித்துறையில் ஆன்லைனில் பதிய வேண்டும். "பதியாமலே இருந்துகொள், வாடகையில் குறைத்துக்கொள்கிறேன்" என்பவரிடம் ஒரு கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள். தங்கும் அனுமதியைப் புதுப்பிக்கும்போது விலாசத்துக்கு அத்தாட்சியாக அந்தப் பதிவைத்தான் கேட்பார்கள்.