மண்ணுல வாழுற மைட்டுக்குப் புது பேரினம்: நீங்க கேட்டதும் என் பதிலும்

ஜவ்வாது மலை சருகுல இருக்குற மைட் பத்திப் பேசுனதுல இருந்து நெறைய கேள்வி வந்துருக்கு, ஒன்னொன்னா சொல்றேன். பேரினம்னா நெருங்குன சொந்தமா இருக்குற இனங்கள (ஸ்பீஷீஸ்) ஒன்னா சேத்த கூட்டம்.

அண்ணா, மைட்னா இன்னா, மாட்டு உண்ணியா?
உண்ணிக்குச் சொந்தம் தான், ஆனா நான் சொல்ற ஒரிபேட்டிட் வகை ரத்தம் குடிக்காது, மக்குன சருகையும் பூஞ்சையையும் தின்னும். பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டருக்குள்ள தான் இருக்கும். மழை விட்டதும் கொல்லைல செவப்பு வெல்வெட்டு மாதிரி ஊருமே தம்பலப்பூச்சி, அதுவும் மைட் தான், இந்தக் கூட்டத்துல அது ராட்சசன்.

சருகுல இருந்து எப்படி சார் பிரிக்கிறது?
காட்டுல அள்ளணும்னா வனத்துறை அனுமதி வாங்கிக்கோங்க, பழகுறதுக்கு உங்க மாந்தோப்பு சருகே போதும். புனல்ல சல்லடை வெச்சு சருகைப் போட்டு மேல பல்பு எரிய விட்டா, சூடும் சருகு காயுறதும் தாங்காம மைட் கீழ இறங்கி, அடியில வெச்ச ஆல்கஹால்ல விழும். 1905ல இத்தாலிக்காரர் பெர்லீஸ் சுடுதண்ணி வெச்சு செஞ்சாரு, பல்பு மாட்டுனது ஸ்வீடன்காரர் துல்கிரன். ஒன்னு கவனிங்க, நம்மூர் வெயில்ல பையை பைக்ல தொங்கவிட்டு கொண்டாந்தா பாதி வழியிலயே செத்துடும், செத்தது தானா இறங்கி வராது.

இதுவரைக்கும் பாக்காத மாதிரி ஒன்னு கெடச்சா புது பேரினம்னு சொல்லிடலாமா?
அவசரப்படாதீங்க தம்பி. மொதல்ல அது வளந்ததா குஞ்சான்னு பாருங்க, ஏன்னா லார்வா, அப்புறம் மூனு நிம்ஃப் நிலை (லார்வாவுக்கும் பெருசுக்கும் நடுவுல உள்ள பருவம்) தாண்டி தான் பெருசாகும், பல வகைல குஞ்சுக்கும் பெருசுக்கும் சம்பந்தமே இல்லாத மாதிரி இருக்கும். அடுத்து லாக்டிக் ஆசிட்ல ஊறவெச்சு ஒடம்பு உள்ள தெரியுற மாதிரி தெளிஞ்சதும் மைக்ராஸ்கோப்ல முதுகு முடி எத்தன, தலைப்பக்கம் குழியில நிக்குற உணர்முடி என்ன வடிவம், கால்ல நகம் ஒன்னா மூனா, எல்லாம் எண்ணி படம் வரையணும். ஒரு முடி கூடுதலா இருந்தா அது புது ஸ்பீஷீஸா கூட இல்லாம போகலாம். அந்த மைட் சேர்ற குடும்பத்துல (பேரினங்கள் சேந்த பெரிய கூட்டம்) இருக்குற ஒவ்வொரு பேரினத்தோட விளக்கத்தையும் பக்கத்துல வெச்சு, இது இதுக்குள்ள ஏன் அடங்கலன்னு காட்டணும், வேலையே அங்க தான், எனக்கு ரொம்ப புடிச்சதும் அது தான்.

வேலூர் பேர வெக்கலாமா ணா?
தாராளமா. ஆனா பேரினப் பேரு விலங்குலகத்துலயே வேற எதுக்கும் இருக்கக்கூடாது, ஒரு வண்டுக்கு அதே பேரு இருந்தாலும் உங்க பேரு செல்லாது. மாதிரி இனம், அதாவது அந்தப் பேரினத்துக்கு அடையாளமா நிக்குற ஸ்பீஷீஸ், எதுன்னும் கட்டாயம் எழுதணும்.

ஒரே ஸ்பீஷீஸ் தான் கெடச்சிது, பரவால்லியா?
பரவால்ல, ஒத்த இனத்தோட நெறைய பேரினம் இருக்கு. பேரு வெக்க அடிப்படையா எடுத்த அந்த மைட்ட (மூல மாதிரி) மட்டும் வீட்டு பீரோல வெக்காதீங்க, கொல்கத்தா விலங்கியல் ஆய்வு நிறுவனம் மாதிரி எடத்துல குடுத்துடுங்க, நாளைக்கு இன்னொருத்தர் எடுத்து சரிபாக்கணும்ல.