பைல் யார் மேசையில் நிற்கிறது? குடிநீர், கழிவுநீர் இணைப்பு அனுமதி பற்றிய கேள்வி பதில்

திருகோணமலையில் தண்ணீர் இணைப்பு அனுமதி வேலையில் இருபத்தாறு வருடம் இருந்தேன். கவுண்டரில் விண்ணப்பம் வாங்குபவனாகத் தொடங்கினேன். கடைசி ஒன்பது வருடம் ஒரு பிரிவைப் பொறுப்பாக நடத்தினேன். இப்போது இளைப்பாறிவிட்டேன். இந்த வேலையில் இருப்பவர்களும், இணைப்புக்காக அலைகிறவர்களும் கேட்ட கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

சேர், போன மாதம்தான் பிரிவுப் பொறுப்பு எடுத்தேன். எனக்குக் கீழே ஏழு பேர். முதல் நாளே 240 பைல் நிலுவை என்றார்கள். எங்கிருந்து தொடங்குவது?

பிள்ளை, முதல் கிழமை எந்தப் பைலையும் அவசரப்படுத்த வேண்டாம். எல்லாவற்றையும் ஒரு மேசையில் கொட்டி ஆறு குவியலாகப் பிரியுங்கள். காகிதம் குறைந்தவை, இடம் பார்க்கப் போகவேண்டியவை, செலவு மதிப்பீடு போடவேண்டியவை, ஆள் காசு கட்டாமல் நிற்பவை, வீதி வெட்ட அனுமதி வராதவை, காசு கட்டியும் குழாய் போடாதவை. இந்தக் கடைசிக் குவியலைத்தான் முதலில் தொடவேண்டும். அந்தச் சனத்தின் காசு நம்மிடம் இருக்கிறது, தண்ணீர் அவர்களிடம் இல்லை.

அப்புறம் ஒரு சின்னக் கணக்கு. உங்கள் பிரிவு ஒரு நாளைக்கு 6 பைல் முடிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 240ஐ ஆறால் பிரித்தால் 40 வேலை நாள். இன்றைக்கு விண்ணப்பம் தருகிறவருக்கு இரண்டு மாதம் ஆகும் என்பதுதான் உண்மை. கவுண்டரில் இருப்பவர் "இரண்டு கிழமையில் வந்துவிடும்" என்று சொன்னால், மூன்றாம் கிழமையிலிருந்து அந்த மனிதர் தினமும் வந்து நிற்பார். அவருக்குப் பதில் சொல்லும் நேரமும் பைல் முடிக்கும் நேரத்திலிருந்துதான் போகும்.

நான் பொறுப்பெடுத்தபோது செய்த ஒரு காரியத்தைச் சொல்கிறேன். பாலையூற்றில் ஒரு அம்மாவின் பைல் 71 நாளாகக் கிடந்தது. அதை எடுத்து, எந்தத் திகதியில் யார் கைக்குப் போனது என்று ஒரு தாளில் எழுதினேன். இடம் பார்த்தது ஒரு மணித்தியாலம். மதிப்பீடு முக்கால் மணித்தியாலம். மற்ற வேலைகளையும் கூட்டிப் பார்த்தால் நான்கு மணித்தியாலம் வரவில்லை. மிச்சம் முழுவதும் மேசைக்கும் மேசைக்கும் இடையில் கிடந்த நாள்கள். அதிலும் 23 நாள், அடையாள அட்டையின் பின்பக்கப் பிரதி இல்லை என்பதற்காக. பைல் மட்டையில் பென்சிலால் "பின்பக்கம்?" என்று யாரோ எழுதியிருந்தார்கள். அந்த அம்மாவுக்கு ஒருவரும் சொல்லவில்லை. குண்டூசி துருப்பிடித்துத் தாளில் மஞ்சள் வட்டம் விழுந்திருந்தது.

அன்றைக்கு இரண்டு முடிவு எடுத்தோம். ஒன்று, ஒரு பைலுக்கு ஒரு ஆள். இடம் பார்ப்பதும் மதிப்பீடும் வேறு ஆட்கள் செய்யட்டும். ஆனால் "இது எங்கே நிற்கிறது" என்று கேட்டால் பதில் சொல்லவேண்டியவரின் பெயர் மட்டையில் இருக்கவேண்டும். மற்றது, ஒவ்வொரு கை மாறும்போதும் மட்டையின் உள்பக்கத்தில் திகதி. கணினி இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் பென்சில் போதும். வெள்ளிக்கிழமை காலையில் பழைய பத்துப் பைலை மட்டும் எடுத்து எல்லோரும் சுற்றியிருந்து பார்ப்போம், அரை மணித்தியாலம். சராசரி நாள் பார்த்து ஏமாற வேண்டாம். பத்து சுலபமான பைல் மூன்று நாளில் முடிந்தால் சராசரி அழகாக இருக்கும், மூலையில் ஒன்று நூறு நாளாகக் கிடக்கும்.

காகிதம் குறைந்த விண்ணப்பத்தை வாங்கலாமா, திருப்பி அனுப்பலாமா?

வாங்கக் கூடாது. ஆனால் வெறுங்கையோடு அனுப்பவும் கூடாது. என்ன குறைகிறது என்று ஒரு துண்டில் எழுதி, திகதி போட்டு, பெயர் எழுதிக் கொடுங்கள். நிலாவெளியிலிருந்து பஸ் ஏறி வந்தவர் மூன்று தடவை வரக்கூடாது. அடையாள அட்டை, காணி உறுதி அல்லது பேர்மிட் (அரச காணி அனுமதிப்பத்திரம்), கிராம உத்தியோகத்தரின் உறுதிப்படுத்தல் என்று தேவைப்படுவதைப் பெரிய எழுத்தில் வாசலிலேயே ஒட்டுங்கள்.

அன்புவழிபுரத்திலிருந்து எழுதுகிறேன், ஐயா. இடம்பெயர்ந்து வந்து குடியேறியவர்கள் நாங்கள். காணி அரச காணி, உறுதி இல்லை. தண்ணீர் தரவே மாட்டார்களா?

"உறுதி இல்லையா, முடியாது" என்று ஒரு வார்த்தையில் அனுப்பிவிடுகிறார்கள் என்றால் அது சரியில்லை, அக்கா. அதிகாரிகளுக்கு உள்ள பயம் வேறு. நாளைக்குத் தண்ணீர் பில்லைக் காட்டி ஒருவர் காணிக்கு உரிமை கேட்டால் என்ன செய்வது என்பது அது. தண்ணீர் இணைப்பு காணி உரிமை தராது. அதை விண்ணப்பத்திலேயே எழுதிக் கையெழுத்து வாங்கலாம். நீங்கள் பட்டணமும் சூழலும் பிரதேச செயலகத்துக்குப் போய், அந்தக் காணியில் குடியிருக்கிறீர்கள் என்றும் இணைப்புக் கொடுப்பதில் ஆட்சேபணை இல்லை என்றும் கடிதம் கேளுங்கள். பேர்மிட் இருந்தால் அதன் பிரதியும் வையுங்கள். வழக்கில் உள்ள காணி, அரசு வேறு தேவைக்கு ஒதுக்கிவைத்த காணி என்றால் சிக்கல் வரும். அப்போதும் காரணத்தை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

பிரிவு நடத்துகிறவர்களுக்கு: இந்த மாவட்டத்தில் போரும் 2004 சுனாமியும் எத்தனை குடும்பத்தை எங்கெங்கே தூக்கிப் போட்டன என்று நமக்குத் தெரியும். உறுதி உள்ளவருக்கு ஒரு வழி இருப்பதுபோல, இவர்களுக்கும் எழுதிவைத்த ஒரு வழி இருக்கவேண்டும். ஒவ்வொருவரும் தெரிந்த ஆளைப் பிடித்து வருகிற நிலையில் விடக்கூடாது.

நான் குழாய் வேலை ஒப்பந்தக்காரன். வீட்டு வேலை ஒரு நாளில் முடிகிறது, வீதி வெட்ட அனுமதி மாதக்கணக்கில் பிந்துகிறது. ஏன்?

வீதி யாருடையது என்று முதலே பார்க்காததுதான் பெரும்பாலான பிந்தலுக்குக் காரணம். ஏ-6, ஏ-12, ஏ-15 போன்ற பெரிய வீதிகளும் பி வகுப்பு வீதிகளும் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்குக் கீழே. அடுத்த வகுப்பு மாகாண வீதித் திணைக்களத்துக்கு. ஒழுங்கைகள் உள்ளூராட்சி மன்றத்துக்கு. தவறான கந்தோருக்குக் கடிதம் போனால், அது திரும்பி வரவே ஒரு மாதம். இடம் பார்க்கப் போகிறவரே வீதியின் வகுப்பைப் படிவத்தில் எழுதட்டும். ஒரே வீதியில் ஐந்து விண்ணப்பம் இருந்தால் ஒரே கடிதமாகக் கேளுங்கள், ஒரே தடவையில் வெட்டுங்கள். கார்ப்பெட் போடுகிற திட்டம் இருக்கிறதா என்றும் கேட்டுவையுங்கள். புது வீதியை வெட்ட ஒருவரும் லேசில் விடமாட்டார்கள்.

வெட்டுகிற வேலையை முடிந்தளவு மழை குறைந்த கச்சான் (தென்மேற்குக்) காற்றுக் காலத்தில் முடித்துவிடுங்கள். நான் வேலை செய்த ஒரு இடத்தில், கார்த்திகை மழையில் ஒரு ஒழுங்கையை வெட்டி, ஈர மணலை அப்படியே தள்ளி மூடிவிட்டோம். மூன்றாம் நாள் அந்த இடம் அரை அடி இறங்கியிருந்தது. மேலே தண்ணீர் நின்றதால் பள்ளம் தெரியவில்லை. பள்ளிக்கூடம் போன ஒரு பையன் சைக்கிளோடு விழுந்து கை முறிந்தான். அனுமதிக் கடிதத்தில் என் கையெழுத்து இருந்தது. ஆஸ்பத்திரிக்குப் போய் அவன் தகப்பனோடு கதைத்தேன். அதன் பிறகு, அரை அடிக்கு ஒரு தடவை இடித்து இறுக்கி மூடிய படம் பைலில் இல்லாமல் எந்தப் பில்லிலும் கையெழுத்து வைக்கவில்லை.

உப்புவெளியில் பத்து அறை விருந்தினர் விடுதி கட்டுகிறேன். கேட்டது தண்ணீர் இணைப்பு மட்டும்தான். கக்கூசுக் குழியைப் பற்றி எதற்கு இத்தனை கேள்வி?

உங்கள் கோபம் விளங்குகிறது. ஆனால் இந்தக் கேள்வியைத்தான் நாம் எல்லோரிடமும் கேட்டிருக்கவேண்டும், பல வருடம் கேட்காமல் விட்டோம் என்பதே என் கவலை.

கணக்கைப் பாருங்கள். பத்து அறை, அறைக்கு இரண்டு பேர், ஆளுக்கு 200 லீற்றர் என்றால் நாளுக்கு 4,000 லீற்றர். உள்ளே போகிற தண்ணீரில் 80 வீதமாவது கழிவாக வெளியே வரும் என்றுதான் பொறியியலாளர்கள் கணக்குப் பார்ப்பார்கள். அப்படியென்றால் நாளுக்கு 3,200 லீற்றர். நகரம் முழுவதுக்குமான கழிவுநீர்க் குழாய் இங்கே இல்லை. அது உங்கள் காணி மண்ணுக்குள்தான் போகும்.

அந்த மண் கடற்கரை மணல். தண்ணீரை வேகமாக விடும், வடிகட்ட நேரம் தராது. பக்கத்துக் காணியில் ஒரு கிணறு இருக்கிறது, அதில்தான் அந்தக் குடும்பம் குளிக்கிறது. குழியைக் கச்சான் காலத்தில் தோண்டினால் அடியில் காய்ந்த மணல் தெரியும், எல்லாம் நல்லது என்று நினைப்பீர்கள். வாடை (வடகிழக்குக் காற்று மழை) தொடங்கி மார்கழி வர நிலத்தடி நீர் மேலே ஏறிவிடும். அப்போது கழிவுநீரை மண்ணுக்குள் விடும் உறிஞ்சு குழிக்குள் கழிவு இறங்காது, நிலத்தடி நீர்தான் உள்ளே வரும். மலசலகூடம் பொங்குகிறது என்று தை மாதத்தில் ஓடிவருகிறவர்கள் பெரும்பாலும் கச்சானில் குழி வெட்டியவர்கள்.

அதனால் செய்யவேண்டியது இதுதான். கழிவுத் தொட்டி அடிக் கொங்கிறீற்றோடு தண்ணீர் கசியாததாக, குறைந்தது இரண்டு அறை கொண்டதாக இருக்கட்டும். உறிஞ்சு குழியின் அடி, மாரியில் நீர் நிற்கும் மட்டத்துக்கு மேலே இருக்கவேண்டும். நிலம் பள்ளமென்றால் மண் போட்டு உயர்த்துங்கள். கிணற்றுக்கும் குழிக்கும் இடையில் முடிந்தளவு தூரம் விடுங்கள், பக்கத்து வீட்டுக் கிணற்றையும் சேர்த்து அளந்து. மூடிக்கு மேலே ரைல்ஸ் பதிக்காதீர்கள். சில வருடத்துக்கு ஒரு தடவை பவுசர் (தொட்டி வாகனம்) வந்து அடி மண்டியை இழுக்கவேண்டும், வாகனம் கிட்ட வரவும் வழி வேண்டும். அத்தோடு நீங்கள் கடலுக்குக் கிட்ட இருக்கிறீர்கள். உயர்நீர்க் கோட்டிலிருந்து நிலப்பக்கம் 300 மீற்றர் கரையோர வலயம். அதற்குள் கட்டுவதற்குக் கரையோரப் பாதுகாப்புத் திணைக்களத்தின் அனுமதி வேண்டும். விடுதிக்குச் சுற்றாடல் பாதுகாப்பு உரிமம் தேவையா என்பதையும் அத்திவாரம் வெட்ட முதல் கேட்டுக்கொள்ளுங்கள்.

பிரிவில் இருப்பவர்களுக்கு: இடம் பார்க்கப் போகும்போது மீற்றர் எங்கே வைப்பது என்று மட்டும் பார்த்துவிட்டு வராதீர்கள். பின்பக்கம் போங்கள். குழியையும் கிணறுகளையும் ஒரு சின்னப் படமாக வரைந்து வாருங்கள். சந்தேகம் என்றால் பொதுச் சுகாதாரப் பரிசோதகரை ஒரு தடவை கூட்டிப்போங்கள். கந்தளாய்க் குளத்திலிருந்து இத்தனை தூரம் கொண்டுவந்து சுத்திகரித்துக் கொடுக்கிற தண்ணீரை, ஊர்க் கிணறுகளைப் பழுதாக்கும் கழிவாக மாற்றிவிட்டு நாம் நல்ல வேலை செய்தோம் என்று சொல்ல முடியாது.

நாளைக்கு இங்கேயும் கழிவுநீர்க் குழாய் வந்தால் அனுமதி வேலையில் என்ன மாறும்?

மட்டம். குடிநீர் அமுக்கத்தில் ஓடுகிறது, மேடு பள்ளம் தாண்டும். கழிவுநீர் சரிவில் ஓடுகிறது. வீட்டுக் குழாயின் அடி மட்டம் வீதிக் குழாயை விட உயரமாக இல்லாவிட்டால் எந்தக் கையெழுத்தும் அதை ஓடவைக்காது. நாலு அங்குலக் குழாய்க்கு 40 அடி நீளத்துக்கு ஓரடி இறக்கம் என்று பிடித்தால் நல்லது. ஆகவே மட்டம் எடுக்கத் தெரிந்த ஒருவர் பிரிவில் கட்டாயம் வேண்டும். மழைத் தண்ணீர்ப் பீலியை அதில் பொருத்த விடக்கூடாது. ஒரு வாடை மழையில் முழுக் குழாயும் நிரம்பி, தாழ்ந்த வீடுகளின் மலசலகூடத்தால் பொங்கும். சாப்பாட்டுக் கடைகளுக்குக் கொழுப்புப் பொறி (எண்ணெய், கொழுப்பைத் தடுத்துவைக்கும் தொட்டி) இல்லாமல் இணைப்பு இல்லை. மூடுவதற்கு முன் கண்ணால் பார்த்துத்தான் அனுமதி, மண் போட்டபின் சொல்கிற கதையை நம்பி அல்ல.

கிணற்று மோட்டாரையும் நீர் வழங்கல் சபைத் தண்ணீரையும் ஒரே குழாயில் கொடுத்திருக்கிறேன், இடையில் ஒரு வால்வு. பரவாயில்லையா?

வேண்டாம், தம்பி. இன்றைக்கே பிரியுங்கள். வீதிக் குழாயில் அமுக்கம் குறைந்த நேரத்தில் மோட்டாரைப் போட்டால், உங்கள் கிணற்றுத் தண்ணீர் பொதுக் குழாய்க்குள் போகும். வால்வை மூட மறக்கிற ஒரு நாள் போதும். இரண்டும் தனித்தனியாக மேல் தொட்டிக்கு மேலே வந்து, தண்ணீருக்கு மேல் இடைவெளி விட்டு விழட்டும். உவர்மலைப் பக்கம் அமுக்கம் காணாது என்று வீதிக் குழாயிலிருந்தே மோட்டாரால் இழுப்பதும் இதே மாதிரிப் பிழைதான். நிலத்தொட்டியில் நிரப்பி, அதிலிருந்து இறையுங்கள்.

ஐந்து மாதமாகிறது, பதில் இல்லை. யாரிடம் போவது?

மூன்று விடயம் கேளுங்கள்: பைல் இலக்கம் என்ன, இப்போது யாரிடம், என்ன குறைகிறது. நீர் வழங்கல் சபை இணைப்பு என்றால் 1939க்கு அழைத்து முறைப்பாட்டு இலக்கம் வாங்குங்கள். அதிலும் சரிவராவிட்டால், 2016இன் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எழுதிக் கேளுங்கள். 14 வேலை நாளுக்குள் தருகிறார்களா இல்லையா என்று முடிவு சொல்லவேண்டும். பதில் கடிதத்தைத் தமிழில் கேட்பதும் உங்கள் உரிமை. என் பிரிவில் எந்த மொழியில் விண்ணப்பம் வந்ததோ அந்த மொழியில்தான் கடிதம் போகும் என்று வைத்திருந்தோம். சேருவிலவுக்குச் சிங்களத்தில், கிண்ணியாவுக்குத் தமிழில்.

இடம் பார்க்கப் போகிற ஒருவர் தேத்தண்ணிக் காசு கேட்கிறார் என்று கேள்விப்படுகிறேன். ஆதாரம் இல்லை. என்ன செய்வது?

ஆதாரம் கிடைத்தால் ஒளிக்காமல் மேலே அறிவியுங்கள். 1954இலிருந்து இலஞ்சச் சட்டம் இருந்தது, 2023இல் அதன் இடத்துக்கு ஊழல் எதிர்ப்புச் சட்டம் வந்தது. விடயத்தை மூடிச் சமாளித்துவிடுவது உங்கள் வேலை அல்ல. ஆதாரம் இல்லாதபோது, கேட்க முடியாதபடி வேலையை அமையுங்கள். யார் எந்த வீட்டுக்குப் போவது என்பதைக் காலையில் நீங்கள் பிரித்துக் கொடுங்கள். வரிசை திகதிப்படி, பலகையில் எல்லோருக்கும் தெரிய. மதிப்பீட்டில் "குழாய், வேலை" என்று மொத்தமாகப் போடாமல் எத்தனை மீற்றர், எத்தனை முழங்கை (குழாயை வளைக்கும் துண்டு) என்று எழுதச் சொல்லுங்கள். பத்தில் ஒரு வீட்டுக்கு நீங்களே போய் நாடா பிடித்து அளவுங்கள். யாரையும் அவமானப்படுத்தாமலே பேச்சு அடங்கிவிடும், நான் கண்டிருக்கிறேன்.

கவுண்டரில் நல்ல பிள்ளைகள் இருக்கிறார்கள், ஆனால் களம் தெரியாது. எப்படிப் பழக்குவது?

மாதத்தில் ஒரு நாள் குழாய் பொருத்துபவரோடு அனுப்புங்கள். நாங்கள் ஒரு தங்கச்சியைத் திருக்கடலூருக்கு அனுப்பினோம். காலை ஒன்பது மணிக்குப் போனவர்கள், வீட்டைக் கண்டுபிடிக்க பத்தாகிவிட்டது. ஒழுங்கைக்குப் பெயர்ப் பலகை இல்லை, இலக்கங்கள் முன்னுக்குப் பின். குழாய் பொருத்துபவர் சாமான் பையைத் தோளில் போட்டபடி வீடு வீடாகக் கேட்டுக்கொண்டு நடந்திருக்கிறார். திரும்பி வந்த பிள்ளை அடுத்த நாளே விண்ணப்பப் படிவத்தில் ஒரு வரி சேர்த்தாள்: "வீட்டுக்குக் கிட்ட உள்ள கோயில், பள்ளிவாசல், தேவாலயம் அல்லது கடை." நான் இளைப்பாறும்போதும் அந்த வரி படிவத்தில் இருந்தது.